ஒரு வாடகை வீடும் மூன்று தலைமுறைக் கணக்கும்

2022 ஜூலையில் அம்மாவுக்கு அறுபது வயது நிறைந்தது. அந்த வாரமே, மலேசியாவில் அவர் வேலை செய்த தோட்டத்தின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மூன்று மாதத்திற்குள் லயத்து வீட்டை (தோட்டம் தொழிலாளருக்குத் தரும் வரிசை வீட்டை) காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் மலாய் மொழியில் எழுதியிருந்தார்கள். அம்மா அதை மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து நான் ஈப்போவிலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எடுத்துக் காட்டினார். "நீ வேலைக்குப் போற பிள்ள, ஒனக்கு எதுக்கு இந்தக் கவலைன்னு வச்சிட்டேன்" என்றார். அந்த மூன்று வாரத்தின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து எட்டுக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பதினாறு வயதில் பால்மரம் (ரப்பர்) சீவத் தொடங்கிய அம்மா, மரங்களை அழித்துச் செம்பனை நட்டபின் உரம் போட்டும் உதிரிப்பழம் பொறுக்கியும் மொத்தம் நாற்பத்து நான்கு ஆண்டுகள் அங்கே உழைத்திருக்கிறார். அவ்வளவு காலமும் தலைக்கு மேல் இருந்த கூரை வேலையோடு சேர்ந்தது என்பதும், வேலை முடிந்தால் அதுவும் முடியும் என்பதும் எங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆனாலும் தயாராக இருந்தோமா என்று கேட்டால், இல்லை என்பதே உண்மை.

நான் ஈப்போவில் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலையில் இருக்கிறேன். அப்போது மாதச் சம்பளம் 2,600 ரிங்கிட். அறை வாடகைக்கு 350 ரிங்கிட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அறையை விட்டுவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோனால் போதும், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நம்பினேன். வாடகை வீட்டு விளம்பரங்களில் "சீனர்களுக்கு மட்டும்", "இந்தியர்களுக்கு இல்லை" என்று வெளிப்படையாகவே எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். அப்படி எழுதாத விளம்பரங்களாகத் தேர்ந்தெடுத்து அழைத்தால் சிக்கல் இருக்காது என்று எண்ணியதுதான் தவறாகப் போயிற்று. எழுதாதவர்களில் பலர் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம் என்பதற்காகவே எழுதாமல் விட்டிருந்தார்கள்.

ஆறு வாரத்தில் இருபத்து மூன்று வீடுகளுக்குப் பேசினேன். கணக்கு எழுதும் பழக்கத்தால் ஒவ்வொன்றையும் நாட்குறிப்பில் தேதியோடு குறித்து வைத்தேன். பதினான்கு பேர் என் பெயரைக் கேட்டதும் மறுத்தார்கள். எனது மலாய் உச்சரிப்பை வைத்து நான் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரை அனுப்பச் சொன்னார். இன்னாரின் மகள் என்று காட்ட இந்தியப் பெண்களின் பெயருக்கு நடுவே வரும் 'ஏ/பி' என்ற இரண்டே எழுத்தைப் பார்த்த அடுத்த நிமிடம், வீடு போய்விட்டது என்று பதில் அனுப்பினார். அந்த விளம்பரம் அடுத்த மாதமும் இருந்தது. ஐந்து பேர் பதிலே சொல்லவில்லை. மீதி நால்வர்தான் வீட்டைப் பார்க்க வரச் சொன்னார்கள். பத்தாவது மறுப்புக்குப் பிறகு நான் செய்த ஒரு காரியத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) என் பெயரை இனம் தெரியாத ஒரு சுருக்கப் பெயராக மாற்றி, கோவிலில் எடுத்த படத்தையும் நீக்கினேன். அன்றிரவு அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்த நால்வரில் ஒருவர் தமிழர். ஓய்வுபெற்றவர், இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுபவர். தமிழில் பேசியதும் எனக்கு உயிர் வந்தது போல் இருந்தது. எந்த ஊர், எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை என்று வரிசையாகக் கேட்டார். அப்பா பத்தாண்டுக்கு முன்பே இறந்துவிட்டார், மருந்தடிக்கும் வேலையில் இருந்தவர் என்றேன். "கோவிச்சுக்காதேம்மா, தோட்டத்து ஆளுங்களுக்குக் குடுத்தா சொந்தபந்தம் கூடிடும், எங்களுக்குச் சரிப்படாது" என்றார். அந்தப் பதினான்கு பேர் சொன்னதைவிட இந்த ஒரு சொல் என்னை அதிகமாகச் சுட்டது. பிற இனத்தார் செய்வதை மட்டும் பாகுபாடு என்று எண்ணிக்கொண்டிருந்த நான், நமக்குள்ளேயே கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுக்கும் லயத்து வீட்டுக்கும் இடையே இருந்த வேலி இன்னும் பிடுங்கப்படவில்லை என்பதை அங்கே நின்றபடி உணர்ந்தேன். இதையும் எழுதாவிட்டால் என் அனுபவம் பாதி உண்மையாகிவிடும்.

நான்காவது வீடு செம்மோரில் இருந்தது. வாடகை 900 ரிங்கிட். முகவர் என்று சொல்லிக்கொண்டவர் வீட்டைக் காட்டினார், பிடித்துப்போயிற்று. நம் நாட்டு வழக்கப்படி இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று மூன்றரை மாதம், அதாவது 3,150 ரிங்கிட் கட்டவேண்டி வரும். அவரோ, வீட்டுக்காரர் இந்தியர்களுக்குக் கொடுக்கத் தயங்குகிறார், ஐந்து மாதம் கட்டினால் பேசி முடிக்கிறேன் என்றார். 4,500 ரிங்கிட். என் இனத்துக்காக மட்டும் 1,350 ரிங்கிட் கூடுதல் என்று அன்றே கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் கெடு முடிய ஐந்து வாரமே இருந்ததால், கிடைத்ததே போதும் என்ற மனநிலையில் தலையாட்டினேன். பிடித்துவைக்க 300 ரிங்கிட் கேட்டார். அதையும் அவருடைய சொந்தக் கணக்கில் செலுத்தினேன். என்னிடம் சேமிப்பாக 2,900 ரிங்கிட் இருந்தது. மீதிக்கு வங்கியில் தனிநபர் கடன் கேட்டு மறுக்கப்பட்டு, கடைசியில் அலுவலகத்தில் ஒருவர் வழியாக வட்டிக்குக் கொடுப்பவரிடம் போனேன். 2,000 ரிங்கிட் என்று எழுதி, 400 ரிங்கிட்டை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 1,600 கொடுத்தார். வாரம் 260 வீதம் பத்து வாரம் திருப்பிக் கட்ட வேண்டும். மூன்றாம் நாள் அடையாள அட்டை நகலை அனுப்பினேன். அன்று மாலையே வீட்டுக்காரர் மனம் மாறிவிட்டதாக முகவரிடமிருந்து செய்தி வந்தது. 300 ரிங்கிட் திரும்பி வரவில்லை. கடன் பணத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கப் போனபோது, முன்னதாகக் கொடுத்தாலும் 2,600 ரிங்கிட்தான் என்று சொல்லிவிட்டார்கள். குடியேறாத ஒரு வீட்டுக்காக 1,300 ரிங்கிட்டை இழந்துவிட்டு வந்து அறையில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த இடத்தில் சற்று நின்று, எனக்கு யாரும் சொல்லாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். முகவர் என்று வருபவரிடம் முதலில் அவருடைய ஆர்இஎன் அட்டையைக் கேளுங்கள். பதிவுபெற்ற ஒவ்வொரு வீடமைப்பு முகவருக்கும் எண்ணோடு கூடிய அட்டை உண்டு, அந்த எண்ணை முகவர்களுக்கான வாரியத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் போடாமல் அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் மட்டுமே செலுத்துங்கள். வீட்டுக்காரர் மறுத்தால் பணம் திரும்ப வரும் என்ற வரி ரசீதில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, ஒரு காசு கொடுக்கும் முன்பே உங்கள் முழுப் பெயரையும் எத்தனை பேர் குடியிருப்பீர்கள் என்பதையும் எழுத்தில் அனுப்பி, ஒப்புக்கொண்டதாக எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மறுப்பதானால் பணம் போவதற்கு முன்பே மறுக்கட்டும். ஏமாந்துவிட்டாலும் 5,000 ரிங்கிட் வரையிலான தொகைக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இல்லாமலே வழக்குப் போடலாம். வட்டிக்குக் கடன் வாங்கியே தீரவேண்டும் என்றால், வீடமைப்பு, ஊராட்சித்துறை அமைச்சின் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள். உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்பது சட்டம். நான் பத்து வாரத்துக்குக் கொடுத்த வட்டி கையில் வாங்கியதில் பாதிக்கும் மேல். கடன் சிக்கலுக்கு இலவசமாக ஆலோசனை தரும் ஏகேபிகே அமைப்பு 2006 முதல் இயங்கி வருகிறது. அங்கே ஒருமுறை போயிருந்தால் இந்தப் படுகுழியில் விழுந்திருக்க மாட்டேன்.

வங்கி ஏன் மறுத்தது என்று கேட்டபோது, சிசிரிஸ் என்ற மத்திய வங்கியின் கடன் அறிக்கையில் என் பிடிபிடிஎன் (அரசு உயர்கல்வி நிதி) படிப்புக் கடன் நிலுவையில் இருப்பதாகச் சொன்னார்கள். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சம்பளம் பாதியாகக் குறைந்தபோது விட்டுப்போன தவணைகள் அவை. அந்தக் கடன் எப்படி வந்தது? 2003இல் எஸ்பிஎம் என்ற ஐந்தாம் படிவத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்று, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பான மெட்ரிகுலேஷனுக்கு மனுச் செய்தேன். அந்தக் காலத்தில் அதன் இடங்களில் 10 விழுக்காடுதான் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாத மாணவர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டிருந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. என் இனத்தால்தான் கிடைக்கவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. காரணம் சொல்லும் வழக்கம் இல்லை, என்னைவிட நன்றாகப் படித்தவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் பத்தில் ஒரு வாசல் வழியாக நுழைய முயன்றவர்களின் வரிசையில் நான் நின்றேன் என்பது நிச்சயம். பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு வழியான எஸ்டிபிஎம் படிக்க இரண்டு ஆண்டு பொறுக்க வீட்டு நிலைமை இடம் தராததால், தனியார் கல்லூரியில் கடனில் டிப்ளோமா படித்தேன். வீடு தேடிப்போனவளை அந்தக் கடன் பத்தொன்பது ஆண்டு கழித்து வங்கி வாசலில் மறித்தது.

அதன்பிறகுதான் அம்மாவின் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கைப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஐம்பத்தைந்து வயதில் அவர் எடுத்த 17,400 ரிங்கிட், தம்பியின் திருமணத்துக்கும் என்னுடைய பழைய படிப்புக் கடன் பாக்கிக்கும் போய்விட்டது. அதன்பின் சேர்ந்தது 11,000 ரிங்கிட் சொச்சம் இருந்தது. நாற்பத்து நான்கு ஆண்டு உழைப்புக்கு இவ்வளவுதானா என்று ஆண்டுவாரியாகப் பார்த்துக்கொண்டே போனேன். 1997இல் தொடங்கி 2009 வரை பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு வரிகூட இல்லை. அம்மாவிடம் கேட்டேன். "அப்ப தோட்டம் கைமாறிச்சி. கன்ட்ராக்டர்கிட்ட வேலைக்குப் போங்கன்னாங்க. பிடித்தம் இல்லாம முழுச் சம்பளமும் கையில தந்தாங்க, நாங்களும் நல்லதுன்னு நெனச்சோம்" என்றார். அதே லயம், அதே மரம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே பெரட்டுக்களம், அதே அரிவாள். கையெழுத்துப் போடும் முதலாளி மட்டும் வேறு ஆள். அன்றைய சட்டப்படி பொதுவாகத் தொழிலாளி 11 விழுக்காடும் முதலாளி 12 விழுக்காடும் கட்ட வேண்டும். அம்மாவின் 11 விழுக்காடு அவர் கைக்கே வந்து அரிசியும் பருப்புமாகச் செலவாகிவிட்டது, அதை இழப்பு என்று சொல்லமாட்டேன். முதலாளி கட்டியிருக்க வேண்டிய 12 விழுக்காடுதான் அப்பட்டமான இழப்பு. சராசரிச் சம்பளம் 450 ரிங்கிட் என்று வைத்தால் மாதம் 54 ரிங்கிட், 144 மாதத்துக்கு 7,776 ரிங்கிட், இலாப ஈவு தனி.

இன்னொன்றும் இருந்தது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க, ஆட்குறைப்புப் பலன் விதிகளின்படி, நிறுவனம் கைமாறும்போது புதிய முதலாளி ஏழு நாள்களுக்குள், முன்பிருந்ததற்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தருவதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பழைய வேலை முடிந்துபோனதாகக் கொண்டு இழப்பீடு வழங்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம். அம்மாவுக்கு அப்போது பத்தொன்பது ஆண்டு சேவை, நாள் சம்பளம் 14 ரிங்கிட். 5,320 ரிங்கிட் வருகிறது. அவருக்குக் கிடைத்தது ஒரு போர்வையும் 200 ரிங்கிட்டும். இப்போது கேட்க முடியுமா என்று தொழிலாளர் இலாகாவில் விசாரித்தேன். இத்தகைய கோரிக்கைக்கு ஆறு ஆண்டுதான் கெடு. 2003இலேயே கதவு மூடிவிட்டது. ஆகவே உங்கள் பெற்றோரோ நீங்களோ இன்று குத்தகையாளரின் கீழ் வேலை செய்துகொண்டிருந்தால், இன்றிரவே இபிஎஃப் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டு மாதம் விடுபட்டிருந்தால் அப்போதே புகார் கொடுங்கள். சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். தொழிலாளர் இலாகாவில் முறையிடப் பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. தோட்டம் கைமாறப் போகிறது என்று காதில் விழுந்த நாளிலிருந்து கெடுக்களை எண்ணத் தொடங்குங்கள். எங்கள் லயத்தில் அப்போது இருபது குடும்பம் இருந்தது, எண்ணத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை.

காலி செய்வதற்காகச் சாமான்களைக் கட்டியபோது, அம்மாவின் பழைய பிஸ்கட் டின்னில் பாட்டியின் சிவப்பு அடையாள அட்டையை, அதாவது குடியுரிமை இல்லாதவருக்கான அட்டையை, கண்டேன். பாட்டி சேலத்துப் பக்கத்திலிருந்து 1936இல் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஒரு நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயித்திருந்தார்கள். ஒரே மரம், ஒரே பால், பத்துக் காசு குறைவு. பாட்டியும் தாத்தாவும் கடைசிவரை குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளாகவே இருந்து இறந்தார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பல ஊருக்கே கப்பல் ஏறிவிட்டன. இவர்கள் எப்படியோ பெர்மிட் எடுத்துத் தங்கினார்கள். மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) பிறகு 1962 ஜூலையில் இங்கே பிறந்ததால் அம்மாவுக்குக் குடியுரிமையும் அதற்கான நீல அட்டையும் பிறப்புரிமையாகவே கிடைத்தன. 1985இல் சுங்கை சிப்புட்டில் மலிவு விலை வீடுகள் கட்டியபோது ஒரு வீடு 25,000 ரிங்கிட். தாத்தாவிடம் முன்பணத்துக்குப் போதுமான சேமிப்பு இருந்ததாம். ஆனால் அந்த வீடுகள் குடிமக்களுக்கு மட்டும். அம்மாவுக்கு அப்போது இருபத்து மூன்று வயது, ஆறாம் ஆண்டோடு தோட்டப் பள்ளியை விட்டவர். தன் பெயரில் மனுப் போடலாம் என்பது அவருக்கும் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை. அந்த வரிசையில் ஒரு வீடு அண்மையில் 130,000 ரிங்கிட்டுக்குக் கைமாறியது.

இவ்வளவுக்கும் எங்கள் ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். தாத்தா அதில் பங்கு வாங்கியிருந்தாரா என்று டின் முழுவதும் தேடினேன், எதுவும் இல்லை. உங்கள் வீட்டு டின்களிலும் தேடிப் பாருங்கள். பழைய பங்குச் சான்றிதழோ சேமிப்புப் புத்தகமோ இருந்தால், வாரிசு என்ற முறையில் அதைக் கேட்டுப் பெற முடியுமா என்று விசாரியுங்கள்.

என் அலுவலகத்தில் என் மேசைக்கு அடுத்த மேசையில் ஒரு தோழி இருக்கிறாள். தமிழ்ப் பெண், என் வயது, என் டிப்ளோமா, என் சம்பளம். அவள் தாத்தா கோலகங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஆங்கிலம் படித்தவர், நீல அட்டைக்காரர், 1980களில் மலிவு விலை வீடு வாங்கியவர். அந்த வீட்டை விற்றுத்தான் அவள் அப்பா ஈப்போவில் வீடு வாங்கினார். அவள் அந்த வீட்டில் வாடகையின்றி இருந்தபடியே சேமித்து, 180,000 ரிங்கிட் வீட்டுக்கு அப்பா கொடுத்த 18,000 ரிங்கிட் முன்பணத்தோடு இருபத்தெட்டு வயதில் சொந்த வீட்டுக்காரி ஆனாள். அவள் நல்லவள். நான் வீடு தேடி அலைந்தபோது மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவள். ஆனாலும் அந்த மாதங்களில் அவள் மேல் எனக்குப் பொறாமை இருந்தது, அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அதுவரை நான் என்னைப் பற்றி வைத்திருந்த கணிப்பு, நமக்குச் சிக்கனம் போதாது, திட்டமிடத் தெரியவில்லை என்பதுதான். ஒரே சம்பளத்தில் அவளால் முடிகிறது, என்னால் முடியவில்லை என்றால் குறை என்னுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எங்கள் குடும்பத்துக் கணக்கை எழுதினேன். பாட்டி வீட்டுப் பெண்களுக்குக் குறைத்த பத்துக் காசு, தாத்தாவுக்குக் கிடைக்காத வீடு, அம்மாவுக்கு வராத 5,320, கட்டப்படாத 7,776, எனக்கு ஏறிய படிப்புக் கடன், செம்மோரில் கேட்ட 1,350, அதனால் போன 1,300. ஒவ்வொரு வரியின் பின்னாலும் ஒரு பாகுபாடு இருந்தது. சில வரிகளில் அது இனத்தால், சிலவற்றில் குடியுரிமையால், சிலவற்றில் பெண் என்பதால், சிலவற்றில் தோட்டத்துக் கூலி என்பதால். செய்தவர் ஒருவரல்ல, ஒரே இனத்தவருமல்ல. அந்தந்த நாளில் அது ஓர் அவமானமாக மட்டும் தோன்றி மறைந்திருக்கும். பணமாக அது மறையவில்லை. கிடைத்திருந்தால் வீடாக மாறியிருக்கும், வீடு முன்பணமாக மாறியிருக்கும், முன்பணம் கடன் இல்லாத இளமையாக மாறியிருக்கும். கிடைக்காதது வட்டியாக மாறியது. எங்களிடம் பணம் இல்லாததைக் கண்டு, அடுத்து நாங்கள் கேட்டுப் போகும் வீட்டின் சொந்தக்காரர், இவர்கள் வாடகை கட்டமாட்டார்கள் என்று முடிவு செய்கிறார். அந்த முடிவு புதிதாக ஒரு செலவை எங்கள் தலையில் வைக்கிறது. இதைக் கண்டுகொண்ட அன்றுதான் பல ஆண்டுகளாக நெஞ்சில் இருந்த ஒரு குற்றவுணர்ச்சி எனக்கு இறங்கியது. நீங்களும் ஒருமுறை உங்கள் வீட்டுக் கணக்கை மூன்று தலைமுறைக்கு எழுதிப் பாருங்கள், பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை வரும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு பாகுபாட்டைத் தடுத்தாலும் அது அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் வீட்டுக்காரரை அல்ல. நான் வீடு தேடிய காலத்தில், வாடகைக்கு விடும்போது இனம் பார்ப்பதைத் தடுக்கும் தனிச் சட்டம் எதுவும் இல்லை. வேலையிடத்தில் நிலைமை சற்று மேல். 2023 ஜனவரியிலிருந்து வேலைவாய்ப்புச் சட்டத்தின் 69எஃப் பிரிவின்கீழ், வேலையில் பாகுபாடு காட்டப்பட்டதாக ஊழியர் புகார் கொடுத்தால் தொழிலாளர் இலாகா விசாரிக்க முடியும். வேலைக்கு மனுப் போடும் நிலையில் இருப்பவருக்கு அது உதவாது. அங்கேதான் பெயர் பார்க்கும் வழக்கம் மிகுதி. லீ ஹுவோக் ஆன், முகமது அப்துல் காலித் என்ற இரு பொருளியலாளர்கள் ஒத்த தகுதியுள்ள மனுக்களைச் சீனப் பெயரிலும் மலாய்ப் பெயரிலும் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது, சீனப் பெயர்களுக்கே பல மடங்கு அதிகமாக நேர்காணல் அழைப்பு வந்தது. ஆக, பெயரைப் பார்த்துக் கதவை மூடுவது நமக்கு மட்டும் நேர்வதல்ல. செய்தியையும் விளம்பரத்தையும் படம் பிடித்து வைத்திருங்கள், என்றைக்காவது சட்டம் வந்தால் சான்று வேண்டும்.

வீடு கடைசியில் கிடைத்தது நான் தேடாத இடத்தில். பட்டணத்தில் ஒரு சீனர் மளிகைக் கடை. அம்மா முப்பது ஆண்டுக்கு மேலாக அங்கேதான் பற்றுக்குச் சாமான் வாங்கிச் சம்பளத்தன்று கட்டுவார். கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அரிசி எடுக்கப் போன அம்மா, இனிமேல் இந்தப் பக்கம் வரமாட்டேன் போலிருக்கிறது தௌக்கே (முதலாளி) என்று சொல்லியிருக்கிறார். காரணம் கேட்ட அவர், தம் தங்கையின் வீடு கம்பத்தை (கிராமக் குடியிருப்பை) ஒட்டிக் காலியாக இருப்பதாகச் சொன்னார். தங்கைக்கு முதலில் விருப்பமில்லை. கடைக்காரர் பழைய பற்றுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டுபோய், இந்தப் பெண் எந்த மாதமும் பாக்கி வைத்ததில்லை என்று பக்கம் பக்கமாகக் காட்டினாராம். வாடகை 650 ரிங்கிட், வழக்கமான மூன்றரை மாதம், 2,275 ரிங்கிட். ஒப்பந்தம் எழுதி முத்திரைத் தீர்வையும் கட்டினோம். முத்திரையில்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கமாட்டார்கள், அதை மிச்சம் பிடிக்காதீர்கள். கடன் அறிக்கையில் எங்களைப் பற்றி நல்லதாக எதுவும் இல்லாதபோது, ஒரு மளிகைக் கடைப் புத்தகம் எங்களுக்காகப் பேசியது. வாடகை, மின்கட்டணம், சீட்டு என்று ஒழுங்காகக் கட்டியதற்கு எந்தச் சான்று இருந்தாலும் சேர்த்து வையுங்கள், வீடு கேட்டுப் போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.

இழந்ததைக் கூட்டினால், முன்பணம் 300, வட்டி 1,000, சம்பளமில்லா விடுப்பு ஒன்பது நாளுக்கு 900, ஆக 2,200 ரிங்கிட். இப்போது நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் ஈப்போவுக்குப் போய் வருகிறேன். மாதம் 110 ரிங்கிட்டும் நாளுக்கு ஒன்றரை மணி நேரமும் போகின்றன. மழைக்காலத்தில் அதுவும் போதாது.

பெற்றோர் இன்னும் நிறுவன வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 2013 ஜூலையிலிருந்து குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஐம்பத்தைந்தில் இபிஎஃப் பணம் கைக்கு வரும் முன்பே வீட்டுப் பேச்சை எடுங்கள். அந்தப் பணம் கல்யாணத்துக்கும் கடனுக்கும் போவதற்கு முன் ஒரு மலிவு விலை வீட்டின் முன்பணமாகட்டும். மாநில வீடமைப்பு வாரியத்தில் பெற்றோர் பெயரிலும் உங்கள் பெயரிலும் இன்றே பதிந்து வையுங்கள், காத்திருப்பு நீளமானது. அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் அன்றே படித்துக் காட்டும்படி வீட்டில் சொல்லி வையுங்கள்.

300 ரிங்கிட்டுக்காகச் சிறு கோரிக்கை வழக்குப் போட்டேன். அந்த ஆள் வரவில்லை, எனக்குச் சாதகமாகத் தீர்ப்பானது, பணம் இன்னும் வந்து சேரவில்லை. மலிவு விலை வீட்டுக்கு அம்மா பெயரில் மனுப் போட்டு, அதன் எண்ணை அந்தப் பிஸ்கட் டின்னில், பாட்டியின் சிவப்பு அட்டையோடு வைத்திருக்கிறோம். அம்மா ஒரு சிறிய நோட்டு வாங்கி, வாடகை கட்டும் நாளன்று தேதியையும் தொகையையும் தமிழில் எழுதி வீட்டுக்கார அம்மாளிடம் கையெழுத்து வாங்குகிறார். வங்கி வழியாகத்தானே கட்டுகிறோம், இது எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும், தம்பி பிள்ளைங்க வீடு கேட்டுப் போறப்ப ஆவும்" என்றார். இந்த மாதத்தோடு இருபத்தேழு கையெழுத்து ஆகியிருக்கிறது.